இரண்டு கதைகள், நடுவில் வெற்றிடம்: இஸ்ரேல்–பாலஸ்தீனம் பற்றி மரியாதையாகப் பேச முடியுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் கல்லூரியில் இஸ்ரேல்–பாலஸ்தீனம் பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தோம். பத்தே நிமிடத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு முடிந்தது. இந்தப் பிரச்சினையை மரியாதையாகப் பேசிப் புரிந்துகொள்வது நிஜமாகவே நடக்கிற காரியமா? யாராவது செய்திருக்கிறார்களா?"

செய்திருக்கிறார்கள். அந்த மண்ணிலேயே வாழ்கிறவர்கள், சாவு விழுந்துகொண்டிருந்த நாட்களிலேயே செய்திருக்கிறார்கள். அதில் பலித்தது எது, பலிக்காதது எது என்று இரண்டையும் சொல்கிறேன். பலித்ததை மட்டும் சொன்னால் உங்கள் அடுத்த கூட்டமும் பத்தாவது நிமிடத்தில் உடைந்துவிடும்.

டான் பார்-ஓன் என்று ஒருவர். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். ஜெர்மனிக்குப் போய், நாஜிக் குற்றவாளிகளின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தவர். பிறகு அவர்களையும், யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைத்தவர். இன்னொருவர் சாமி அத்வான். பெத்லகேம் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்தவர். ஃபத்தா என்ற பாலஸ்தீன அரசியல் இயக்கத்தில் இருந்ததற்காக இஸ்ரேலியச் சிறையில் அடைக்கப்பட்டவர். இந்த இருவரும் சேர்ந்து 1998-ல் பெத்லகேமை ஒட்டிய பெய்த் ஜாலாவில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் கைவைப்பது என்பது அவர்கள் முடிவு. இரு தரப்புப் பிள்ளைகளும் மற்றவரைப் பற்றித் தெரிந்துகொள்வதே அந்தப் பாடத்தின் வழியாகத்தானே!

2002-ல் வேலை தொடங்கியது. இரண்டாம் இன்டிஃபாடா, அதாவது பாலஸ்தீனர்களின் இரண்டாவது எழுச்சி, உச்சத்தில் இருந்த ஆண்டு அது. இஸ்ரேலிய நகரங்களில் பேருந்துகளிலும் ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரை நகரங்களுக்குள் இஸ்ரேலிய டாங்கிகள் புகுந்தன. அந்த நேரத்தில் இரு பக்கத்திலிருந்தும் பள்ளி வரலாற்று ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரே வரலாற்றை எழுத வழியில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்திலும் யாரோ ஒருவருடைய வீடோ மகனோ இருந்தார்கள். அதனால் வேறு வழி எடுத்தார்கள். ஒரு நிகழ்வுக்கு இரண்டு வரலாறு. திறந்த புத்தகத்தில் ஒரு பக்கம் இஸ்ரேலியர் சொல்வது, மறுபக்கம் பாலஸ்தீனர் சொல்வது, நடுவில் மாணவர் எழுதிக்கொள்ள வெற்றிடம். ஹீப்ருவிலும் அரபியிலும் இரண்டுமே இருக்கும். அதாவது ஓர் இஸ்ரேலிய மாணவி, 1948-ல் பாலஸ்தீனர்கள் வீடிழந்த நக்பாவைப் பற்றிப் பாலஸ்தீனர் எழுதியதைத் தன் தாய்மொழியிலேயே படிப்பாள்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பெரிய பாடமாக இருந்தது பால்ஃபர் அறிவிப்பு பற்றிய பகுதி. 1917 நவம்பர் 2-ஆம் தேதி பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எழுதிய சின்னக் கடிதம் அது. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை ஆதரிப்பதாகச் சொன்னது. இஸ்ரேலியர் பக்கம் ஐரோப்பாவில் தொடங்குகிறது: தேசிய இயக்கங்கள் எழுந்த 19-ஆம் நூற்றாண்டு, ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது நடந்த வெறியாட்டங்கள், யூதர்களுக்குத் தனிநாடு கேட்ட ஹெர்சல், 1897-ல் பாசெல் நகரில் கூடிய முதல் சியோனிச மாநாடு. எங்கே போனாலும் துரத்தப்பட்ட ஒரு மக்களுக்குப் பழைய வீட்டின் கதவு கொஞ்சம் திறந்தது என்பது அந்தக் கதை. பாலஸ்தீனர் பக்கம் 1799-ல், நெப்போலியன் படையோடு அந்தக் கரைக்கு வந்த இடத்தில் தொடங்குகிறது. அப்புறம் பிரிட்டனின் கணக்குகள். ஐரோப்பிய வல்லரசுகள் தங்கள் வசதிக்காக நம் மண்ணை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தன என்பது இந்தக் கதை. கடிதம் பேசிய மண்ணில் அன்று பத்துக்கு ஒன்பது பேர் அரபியர்கள். அவர்களை அந்தக் கடிதம் பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. 'யூதரல்லாத சமூகங்கள்' என்கிறது.

இரண்டையும் படித்தபிறகு எனக்குப் புரிந்தது இது: இவர்கள் 1917 பற்றிச் சண்டை போடவில்லை, கதையை எந்த ஆண்டில் தொடங்குவது என்பதில்தான் சண்டை. உங்கள் கல்லூரிக் கூட்டமும் அங்கேதான் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவர், காசாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7-ல் தொடங்கியிருப்பார். இன்னொருவர் 1948-ல். மூன்றாமவர் விவிலியத்தில். தொடங்கும் இடத்தை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சூடு தணியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இரண்டு கதைகளையும் கேட்பது என்றால் இரண்டிலும் இருக்கும் எல்லாமே உண்மை என்று தலையாட்டுவது இல்லை. 1799-ல் நெப்போலியன் யூதர்களுக்கு நாடு தருவதாக அறிவித்தார் என்று பாலஸ்தீனர் பக்கம் சொல்கிறது; அந்த அறிவிப்பு உண்மையானதுதானா என்று பல வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். அதேபோல, 1948-ல் அரபு நாடுகள் வானொலியில் கட்டளையிட்டதால்தான் பாலஸ்தீனர்கள் கிளம்பிப் போனார்கள் என்று இஸ்ரேல் வெகுகாலம் சொல்லிவந்தது. ஆவணங்கள் அதைத் தாங்கவில்லை. ஒரு மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையை மதிக்க வேண்டும், அதில் உள்ள தகவலைச் சோதிக்கவும் வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் அது பிரசாரமாகிவிடும், அல்லது வெறும் உபசாரப் பேச்சாகிவிடும்.

சரி, சோதிப்பது என்றால் எப்படி? ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1948 ஏப்ரல் 9. ஜெருசலேமின் மேற்கு ஓரத்தில் தெய்ர் யாசின் என்ற அரபு கிராமம். இர்குன், லெஹி என்ற இரண்டு யூத ஆயுதக் குழுக்கள் அதைத் தாக்கின. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் உட்படக் கிராமத்தார் கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர்? 254 என்று செய்தி பரவியது. அந்த எண்ணை முதலில் பத்திரிகையாளர்களிடம் சொன்னவரே தாக்கிய தரப்பின் தளபதி. அரபு மக்களிடம் பயம் பரவ வேண்டும் என்பது அவர் எண்ணம். அரபுத் தரப்பும் கொடுமையின் அளவைக் காட்ட அதே எண்ணைச் சொன்னது. எதிரெதிர்க் காரணங்களுக்காக இரு தரப்புக்கும் அந்த எண் வசதியாக இருந்ததால், நாற்பது வருடம் யாரும் அதைத் தொடவில்லை.

தொட்டவர்கள் பாலஸ்தீனர்கள். மேற்குக் கரையின் பிர்ஸெய்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷரீஃப் கனாஅனா என்ற மானிடவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும், தப்பிப் பிழைத்த கிராமத்தாரைத் தேடிப்போய், குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதிக் கணக்கெடுத்தார்கள். வந்தது 107. தங்கள் மக்கள் மீது நடந்த படுகொலையின் எண்ணிக்கையைப் பாலஸ்தீன ஆய்வாளர்களே பாதிக்கும் கீழே குறைத்து வெளியிட்டார்கள். அதுவும் 1980-களின் பிற்பகுதியில், முதல் இன்டிஃபாடாவை ஒட்டிய காலத்தில். அவர்களுடைய பல்கலைக்கழகத்தையே 1988 தொடக்கத்திலிருந்து நாலு வருடத்துக்கும் மேல் இஸ்ரேலிய ராணுவம் மூடிவைத்திருந்தது.

ஏறக்குறைய அதே நேரத்தில், பென்னி மோரிஸ் என்ற இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் புதிதாகத் திறக்கப்பட்ட இஸ்ரேலிய ஆவணங்களைப் படித்து, பாலஸ்தீனர்கள் தாங்களாகவே போய்விட்டார்கள் என்ற தன் நாட்டின் அதிகாரபூர்வக் கதையை உடைத்தார். பல ஊர்களில் மக்கள் நேரடியாகத் துரத்தப்பட்டதை ராணுவக் கட்டளைகளைக் கொண்டே காட்டினார். பின்னாளில் அவருடைய அரசியல் கருத்துகள் வலதுபக்கம் வெகுதூரம் நகர்ந்துவிட்டன. ஆனால் அவர் வெளியே கொண்டுவந்த ஆவணங்கள் அப்படியே நிற்கின்றன.

இந்த இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தன் தரப்பு சொன்னதைத்தான் அதிகம் சோதித்தார்கள். மரியாதையான உரையாடல் என்று நான் நம்புவது இதைத்தான். குரலைத் தாழ்த்திப் பேசுவதும், 'உங்கள் கருத்தை மதிக்கிறேன்' என்று சொல்வதும் நல்ல பழக்கங்கள், அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களை நம்பத் தொடங்குவது, உங்கள் தரப்புக்குச் சங்கடமான ஓர் உண்மையை நீங்களே எடுத்து மேசையில் வைக்கும்போது.

அடுத்தது சொற்கள். அதே நிலப்பகுதி ஒருவருக்கு மேற்குக் கரை, இன்னொருவருக்கு யூதேயா–சமாரியா. 1948 ஒருவருக்குச் சுதந்திரப் போர், இன்னொருவருக்கு நக்பா, அதாவது பேரழிவு. ஏறக்குறைய ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்த போர் அது. யூதர் தரப்பில் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் இறந்த போரும் அதுதான்; நூறு பேரில் ஒருவர் என்ற கணக்கு. பேச உட்காரும்போது இந்தப் பெயர்களில் ஒன்றை மட்டும் பொதுப்பெயராக வைத்துக்கொண்டால், மற்றவர் முதல் வாக்கியத்திலேயே தோற்றுவிட்டதாக உணர்வார்.

சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஐ.நா. பாதுகாப்பு சபையின் 242-ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். 1967 போருக்குப் பிறகு நவம்பரில் வந்தது. இஸ்ரேல் கைப்பற்றிய 'பிரதேசங்களிலிருந்து' விலக வேண்டும் என்று ஆங்கில வாசகம் சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் வரக்கூடிய 'the' என்ற சொல் அதில் இல்லை. அதனால் எல்லாப் பிரதேசங்களையும் விட வேண்டியதில்லை என்று இஸ்ரேல் வாதிடுகிறது. பிரெஞ்சு வாசகத்தில் அதற்கு இணையான சொல் இருக்கிறது. 'அந்தப் பிரதேசங்கள்' அனைத்தும் என்றே அரபுத் தரப்பு படிக்கிறது. தமிழில் 'the' போன்ற ஒரு சொல்லே கிடையாது. நாம் மொழிபெயர்க்கும்போது 'பிரதேசங்களிலிருந்து' என்று எழுதினாலும் சரி, 'எல்லாப் பிரதேசங்களிலிருந்தும்' என்று எழுதினாலும் சரி, தெரியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிட வாய்ப்பு உண்டு. நம் செய்திகளில் 'போராளி', 'பயங்கரவாதி', 'குடியேறிகள்', 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று வருவதையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்தச் சொல்லையும் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏன் இந்தச் சொல் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, பலிக்காததற்கு வருகிறேன்.

முகமது தஜானி தாவூதி, ஜெருசலேமின் அல்-குத்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2014 மார்ச்சில் 27 பாலஸ்தீன மாணவர்களைப் போலந்தில் உள்ள ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அழைத்துப்போனார். அதே ஆய்வுத் திட்டத்தில் இஸ்ரேலிய மாணவர்கள் பெத்லகேமில் உள்ள துஹைஷே அகதி முகாமுக்குப் போய், அங்கே இருப்பவர்களின் கதைகளைக் கேட்டார்கள். யூத இனப்படுகொலையும் நக்பாவும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் எந்தப் பயத்தோடு வளர்ந்தார் என்று தெரியாமல் அவரோடு பேச முடியாது என்றுதான் சொன்னார். திரும்பி வந்ததும் துரோகி என்று பட்டம். அது அவர் சொந்த முயற்சி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் விலகிக்கொண்டது. ராஜினாமா கடிதம் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள். 2015 ஜனவரியில் வீட்டு வாசலில் நின்ற அவர் காரைக் கொளுத்தினார்கள்.

பார்-ஓனும் அத்வானும் செய்த புத்தகத்தின் கதியும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இரு தரப்புக் கல்வி அமைச்சகங்களும் அதைப் பாடநூலாக ஏற்கவில்லை. காசா எல்லைக்கு அருகே, ராக்கெட்டுகள் விழுந்துவந்த ஸ்டேரோட் நகரத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் அதை வைத்துப் பாடம் நடத்தினார்கள். 2010-ல் இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் நிறுத்தச் சொன்னது. பார்-ஓன் 2008-லேயே இறந்துவிட்டார்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. அதைப் பாலஸ்தீனர்கள் 'தத்பீ' என்ற அரபுச் சொல்லால் சொல்கிறார்கள். இயல்பாக இல்லாத ஒன்றை இயல்பானது போலக் காட்டுவது என்று பொருள். அவர்கள் வாதம் இது: ஒருவர் ஆக்கிரமிக்கும் நாட்டின் குடிமகன், இன்னொருவர் அந்த ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்கிறவர். இருவரையும் வட்டமேசையில் சமமாக உட்காரவைத்துப் படம் எடுத்தால், வெளியே இருக்கும் சமமின்மையை அந்தப் படம் மறைத்துவிடும். கூட்டம் முடிந்ததும் ஒருவர் காரில் வீட்டுக்குப் போகிறார்; மற்றவர் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கிறார். கூட்டத்துக்கு வரவே அவருக்கு ராணுவத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

இந்த வாதத்தின் பெரும்பகுதி நியாயம் என்றே நான் நினைக்கிறேன். உரையாடல் ஆக்கிரமிப்பை முடிக்காது. யாருடைய நிலத்தையும் திருப்பித் தராது. அப்படித் தரும் என்று வாக்குக் கொடுக்கிற உரையாடல் ஏமாற்றுவேலை. ஆனால் பேசவே கூடாது என்ற முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேச்சை மொத்தமாக நிறுத்திவிட்டால், மற்றவர் என்ன நினைக்கிறார் என்பதைத் தன் தரப்புத் தொலைக்காட்சியிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டிவரும். சமமின்மையை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வது தப்பு. அதையே முதல் தலைப்பாக வைத்துப் பேச வேண்டும்.

2023 அக்டோபர் 7-க்குப் பிறகு இதெல்லாம் இன்னும் கடினமாகிவிட்டது. ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 250 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன்பின் நடந்த போரில் காசாவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. காசாவின் பல்கலைக்கழகங்கள் இடிந்து கிடக்கின்றன. காசா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த கவிஞர் ரிஃபாத் அல்அரீர் 2023 டிசம்பரில் குண்டுவீச்சில் இறந்தார். 2002-ல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழக உணவகத்தில் ஹமாஸ் வைத்த குண்டில் ஒன்பது பேர் இறந்ததையும் நான் மறக்கவில்லை. கல்வி உரையாடல் என்கிறோம்; கேட்கிற மாணவரும் கற்பிக்கிற ஆசிரியரும் உயிரோடு இருந்தால்தானே அது நடக்கும்? இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

அந்த அக்டோபரில் உலகம் முழுக்கப் பல்கலைக்கழக வளாகங்கள் இரண்டாகப் பிளந்தபோது, அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் சில நாட்களுக்குள்ளேயே மாணவர்களைக் கூட்டிப் பேசினார்கள். யூதவியல் துறையின் சூசன்னா ஹெஷலும், எகிப்தின் முன்னாள் தூதரக அதிகாரியும் மத்திய கிழக்கியல் துறையைச் சேர்ந்தவருமான எஸ்ஸெதீன் ஃபிஷேரும் மற்றவர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். அவர்களால் முடிந்ததற்குக் காரணம் வெளிப்படை. அந்த இரு துறையினரும் முன்பிருந்தே சேர்ந்து வகுப்பெடுத்துப் பழகியவர்கள். தீப்பிடித்தபிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரமில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024 மே முதல் தேதி அதே வளாகத்தில் மாணவர்கள் கூடாரம் போட்டபோது நிர்வாகம் போலீஸை வரவழைத்தது. ஏறக்குறைய தொண்ணூறு பேர் கைதானார்கள். கைதானவர்களில் யூதவியல் துறையின் முன்னாள் தலைவரான பேராசிரியர் ஒருவரும் உண்டு. மேடை போட்டுப் பேசுவதற்கு மரியாதை, எதிர்த்து நிற்பதற்குக் கைவிலங்கு என்றால், பேச்சின் மீதே மாணவர்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

இப்போது உங்கள் கல்லூரிக்கு வருவோம். மறுபடி கூட்டம் போடுங்கள். ஆனால் 'யார் பக்கம் நியாயம்' என்ற தலைப்பு வேண்டாம். ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது 1948 ஏப்ரல் 9 முதல் 13 வரை. 9-ஆம் தேதி தெய்ர் யாசின். நாலு நாள் கழித்து, 13-ஆம் தேதி, ஸ்கோபஸ் மலையில் உள்ள ஹதாஸா மருத்துவமனைக்குப் போன வாகன வரிசையை அரபுப் படையினர் மறித்துத் தாக்கினார்கள். டாக்டர்கள், நர்சுகள், பல்கலைக்கழகத்தார் உட்பட 78 பேர் இறந்தார்கள். தெய்ர் யாசினுக்குப் பழிவாங்கல் என்றே அது அன்று பேசப்பட்டது. ஐந்து நாள், இரண்டு நிகழ்வு. மாணவர்கள் இரண்டு வாரம் உட்கார்ந்து படிக்கலாம், அளவுக்குள் அடங்கும்.

அப்புறம், பாலஸ்தீன ஆதரவாளரிடம் ஹதாஸாவைக் கொடுங்கள், இஸ்ரேல் ஆதரவாளரிடம் தெய்ர் யாசினைக் கொடுங்கள்; அதை எதிர்த்தரப்பின் கண்ணால் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் எதிர்த்தரப்பில் இருப்பவர் 'ஆமாம், நாங்கள் நினைப்பது இதுதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளும் வரை சொன்னவர் தன் கருத்துக்குப் போகக் கூடாது. ஹார்வர்டில் ஹெர்பர்ட் கெல்மன் என்ற சமூக உளவியலாளர் பல ஆண்டுகள் இஸ்ரேலியரையும் பாலஸ்தீனரையும் சின்னச் சின்னக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவைத்தார். தீர்வுக்குப் போவதற்கு முன்னால், மற்றவரின் தேவைகளையும் பயங்களையும் காதுகொடுத்துக் கேட்டுப் புரிந்துகொள்வது அவர் முறையின் அடிப்படை. நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபின் வியன்னாவிலிருந்து தப்பி ஓடிய யூதச் சிறுவன் அவர். அந்தக் கூட்டங்களில் சொன்னதை வெளியே யார் பெயரிலும் சொல்லக் கூடாது என்ற விதியும் உண்டு. உங்கள் கூட்டத்தையும் யாரும் செல்போனில் படம் பிடிக்க வேண்டாம். கேமரா ஓடினால் ஒவ்வொருவரும் தன் ஆட்களுக்காகப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: 'அப்படியானால் காரணத்தைச் சொல்லி எல்லாவற்றையும் நியாயப்படுத்துகிறீர்களா?' இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல ஆண்டு ஆக்கிரமிப்பும் முற்றுகையும் அக்டோபர் 7 எப்படி வந்தது என்று விளக்க உதவலாம். இசை விழாவுக்கு வந்த பிள்ளைகளைக் கொன்றதை அவை நியாயமாக்காது. அக்டோபர் 7, இஸ்ரேலியரின் பயத்தையும் கோபத்தையும் விளக்கும். காசாவின் குழந்தைகள் பட்டினி கிடந்ததை அது நியாயமாக்காது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்லத் தயங்குகிறவரைக் கூட்டத்தை நடத்த விடாதீர்கள்.

கூட்டத்தின் கடைசியில் ஜெருசலேமின் வரைபடத்தைத் திரையில் போடுங்கள். தெய்ர் யாசினில் எஞ்சிய கல்வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. கிஃபார் ஷாவுல் என்ற மனநல மருத்துவமனையின் கட்டடங்களாக, வேலிக்கு உள்ளே. அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டரில், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம், யாத் வஷேம். நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களின் நினைவிடம். இரண்டையும் விரல் வைத்துக் காட்டுங்கள். உடனே யாரும் பேச வேண்டாம், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.